சூதாட்டத்துக்கு எம்.எஸ்ஸி. பட்டம்

வீட்டில் எம்.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிற பிள்ளை இருந்தால் கவனித்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பில் ஏதோ புரோகிராமைத் தட்டி ரன் கொடுத்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். கேட்டால், "எம்சிஎம்சி ஓடுதுப்பா, காலைல ரிசல்ட் வந்துடும்" என்று பதில் வரும். ராக்கெட் சமாசாரம் போல என்று அப்பாவும் பயபக்தியோடு லைட்டை அணைத்துவிட்டுப் போவார்.

பயப்படாதீர்கள். உள்ளே நடப்பது தாயக்கட்டம். கம்ப்யூட்டர் விடிய விடியத் தாயம் உருட்டி, எது எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டு விடை காண முடியாத இடத்தில் உருட்டிப் பார்த்து விடை காண்பதற்குத்தான் 'கம்ப்யூடேஷனல் மெத்தட்ஸ்' என்று பெயர் வைத்து, முதுகலையில் பேப்பராக நடத்துகிறார்கள். வீட்டில் உருட்டினால் திட்டு, யுனிவர்சிட்டியில் உருட்டினால் கிரெடிட்!

இந்தக் குலத்தின் மூதாதையரில் ஒருவர் பிரான்ஸின் பஃபோன் பிரபு. சம இடைவெளியில் கோடு போட்ட தரையில் ஊசியை எறிந்தால் அது கோட்டில் விழுகிற வாய்ப்பு எவ்வளவு என்று 18-ம் நூற்றாண்டில் ஒரு புதிர் போட்டார். விடையில் பை (π) வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் வட்டம், காம்பஸ் எதுவும் வேண்டாமே, ஊசியை எறிந்தே பையின் மதிப்பைக் கண்டுபிடிக்கலாமே! வேலை இல்லாத சிலர் நிஜமாகவே எறிந்தார்கள். சுமாரான விடைகளும் கிடைத்தன.

1901-ல் வந்தார் லாஸ்ஸரினி என்ற இத்தாலியர். 3,408 தடவை எறிந்தாராம். 1,808 தடவை ஊசி கோட்டைத் தொட்டதாம். கணக்குப் பண்ணினால் பை 3.1415929. ஆறு தசமத்துக்குச் சுத்தம்! ஆஹா, என்ன கை, என்ன ஊசி!

கொஞ்சம் பொறுங்கள். அது என்ன 3,408? ஆயிரம், ஐயாயிரம் என்று முழுசாக நிறுத்தக் கூடாதா? பின்னால் வந்தவர்கள் குடைந்து பார்த்தார்கள். 355-ஐ 113-ஆல் வகுத்தால் பைக்கு மிக நெருக்கமான எண் வரும் என்பது 5-ம் நூற்றாண்டுச் சீனாவிலேயே ஸூ சோங்ஷிக்குத் தெரியும். லாஸ்ஸரினியின் ஊசி 2.5 செ.மீ., கோட்டு இடைவெளி 3 செ.மீ. இந்த அளவுகளைப் போட்டுச் சுருக்கினால் அச்சு அசலாக அதே 355/113 வந்து நிற்கிறது. ஒரே ஒரு ஊசி கோட்டை விட்டு விலகியிருந்தால் விடை 3.1433 ஆகியிருக்கும். விலகவில்லை. பாவம், அந்த ஊசிக்கும் பரீட்சைக்கு முன்பே ஆன்சர் கீ கிடைத்திருக்கிறது.

அடுத்தவர் நாணயமானவர். டப்ளின் கின்னஸ் பீர் கம்பெனி ஊழியர் வில்லியம் கோசெட். நாலே நாலு சாம்பிளை வைத்துக்கொண்டு எவ்வளவு தைரியமாக முடிவு சொல்லலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சூத்திரத்தை ஊகித்துவிட்டார், சரிபார்க்க வழியில்லை. என்ன செய்தார் தெரியுமா? 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் ஒருவர் அளந்து வைத்திருந்த பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அட்டை. மூவாயிரம் அட்டைகளையும் கலைத்துப் போட்டு, நாலு நாலாக உருவி, 750 தடவை கணக்குப் பார்த்தார். கம்ப்யூட்டர் பிறக்காத காலத்தில் ஒரு முழு சிமுலேஷன். பீருக்கான பார்லியின் தரத்தைச் சோதிக்கிற கணக்குக்குச் சாட்சி சொன்னது கைதிகளின் விரல்!

1908-ல் கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிடக் கம்பெனி விடாது. அதனால் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் உலகத்து வாத்தியார்கள் எல்லோரும் பயபக்தியோடு பாடம் நடத்துவது ஒரு ஸ்டூடண்டின் 'டி-டெஸ்ட்'டைத்தான்.

இனி அமெரிக்கா. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் கோஷ்டியில் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை. 1946-ல் மூளைக் காய்ச்சல் வந்து, ஆபரேஷன் முடிந்து, ஓய்வில் கிடந்தார். பொழுது போகாமல் தனியாளாகச் சீட்டாடினார். இந்த ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஞானோதயம்: நூறு தடவை ஆடி, எத்தனை ஜெயித்தோம் என்று எண்ணினால் போச்சு! நம்மூர்த் திண்ணையில் யாரைக் கேட்டிருந்தாலும் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் உலாம் அடுத்த அடியும் வைத்தார். அணுகுண்டுக்குள் நியூட்ரான் எங்கே போகும், எதை மோதும் என்பதையும் இப்படியே ஆடிப் பார்க்கலாமே! நண்பர் வான் நாய்மனிடம் சொன்னார். 1948-ல் எனியாக் கம்ப்யூட்டரில் நியூட்ரான் சூதாட்டம் ஆரம்பம். அதற்கு நிரல் எழுதியதில் பெரும்பங்கு வான் நாய்மனின் மனைவி கிளாராவுக்கு. தன் மாமா ஒருவர் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு சூதாட மான்டி கார்லோ போவார் என்று உலாம் சொல்லியிருந்ததால், நிக்கலஸ் மெட்ரோபோலிஸ் என்ற சகா அந்த ஊரின் பெயரையே முறைக்கு வைத்துவிட்டார். கடன்கார மாமா அறிவியல் வரலாற்றில் ஏறிய ஒரே சம்பவம் இதுவாகத்தான் இருக்கும்.

இதிலே ஒரு சின்ன வேடிக்கை. இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மி ரோமில் 1930-களிலேயே தூக்கம் வராத ராத்திரிகளில் இதே வித்தையைக் கையாலேயே செய்துவந்தார். காலையில் போய் விடையைச் சொல்லிச் சகாக்களை வாய்பிளக்க வைப்பார். எப்படி என்று மட்டும் மூச்சு விடவில்லை. நாமாக இருந்தால் ஸ்டேட்டஸே வைத்திருப்போம்.

தாயம் உருட்டத் தாயக்கட்டை வேண்டுமே? ரேண்ட் நிறுவனம் மின்னணு ரூலெட் ஒன்றைச் சுழற்றி, 1955-ல் பத்து லட்சம் ரேண்டம் இலக்கங்களைப் புத்தகமாகவே போட்டது. கதை கிடையாது, வசனம் கிடையாது, வெறும் இலக்கங்கள். எந்தப் பக்கத்தில் ஆரம்பிப்பது என்பதையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்க முன்னுரையில் வழி சொல்லியிருந்தார்கள். கையோடு ஒரு வாக்குமூலமும்: இறுதிப் பிரதியில் எல்லாப் பக்கங்களுக்கும் புரூஃப் பார்க்கவில்லை, புத்தகத்தின் இயல்புக்கு அது அவசியம் என்று படவில்லை. பிழை விழுந்தால் அதுவும் ரேண்டம்தானே! புரூஃப் ரீடர்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டிய புத்தகம்.

இப்போது அப்பா லைட்டை அணைத்துவிட்டுப் போனாரே, அந்த எம்சிஎம்சிக்கு (மார்க்கோவ் செயின் மான்டி கார்லோ) வருவோம். மூல புருஷர் மெட்ரோபோலிஸ் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். கம்ப்யூட்டர்களுக்கு முதலெழுத்துகளைக் கோத்துக் கிறுக்குத்தனமாகப் பெயர் வைக்கிற பைத்தியம் ஒழியட்டும் என்று தன் மெஷினுக்கு 'மேனியாக்' என்றே பெயர் வைத்த குறும்புக்காரர். பைத்தியம் ஒழியவில்லை.

1953-ல் அந்த மேனியாக்கில் 224 துகள்களை ஆட விட்டார்கள். ஒரு துகளைக் கொஞ்சம் நகர்த்து. ஆற்றல் குறைந்தால் சரி, அங்கேயே இரு. கூடினால் தாயம் போடு: விழுந்தால் இரு, விழாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பு. திரும்பத் திரும்பச் செய். அவ்வளவுதான் முறை. கட்டுரையில் ஐந்து பெயர்: மெட்ரோபோலிஸ், அரியானா ரோசன்ப்ளூத், அவர் கணவர் மார்ஷல், அகஸ்டா டெல்லர், அவர் கணவர் எட்வர்ட். இரண்டு ஜோடி, ஒரு மெஷின்காரர்.

யார் என்ன செய்தார்கள்? நிரலை எழுதியது அரியானா. இருபத்தோரு வயதில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், போதாக்குறைக்கு வாள்வீச்சு சாம்பியன். மெட்ரோபோலிஸ்? கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்கித் தந்தார், அவ்வளவுதான் என்று அரை நூற்றாண்டு கழித்து மார்ஷல் போட்டு உடைத்தார். அப்புறம் எப்படி அவர் பெயர் முதலில்? ஆங்கில அகரவரிசை! எம், ஆர், டி. அரியானா பிறந்த வீட்டுப் பெயரான 'ரைட்' என்று போட்டிருந்தால் டெல்லர்களுக்கும் பின்னால் போயிருப்பார்.

சரி, இவ்வளவு பெரிய வித்தை கிடைத்ததும் புள்ளியியல்காரர்கள் துள்ளிக் குதித்திருப்பார்களே? எங்கே! அது இயற்பியல்–வேதியியல் பத்திரிகையில் வந்த சமாசாரம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்கள். 1970-ல் ஹேஸ்டிங்ஸ் என்பவர் அதைப் பொதுவாக்கி அவர்களுடைய பத்திரிகையிலேயே எழுதினார். அப்போதும் பெரிய அசைவு இல்லை. 1990-ல் கெல்ஃபாண்டும் ஸ்மித்தும் இந்தக் குடும்பத்து முறை ஒன்றை வைத்து பேய்ஸ் பாணிப் புள்ளியியல் கணக்குகளைப் போட்டுக் காட்டியதும்தான், "அடடே, இது இத்தனை நாளாக எங்கே இருந்தது?" என்று எழுந்து உட்கார்ந்தார்கள். முப்பத்தேழு வருஷம்! நிகழ்தகவையே தொழிலாகக் கொண்டவர்கள், பக்கத்து டிபார்ட்மென்ட் லைப்ரரிக்குள் நுழைகிற நிகழ்தகவை மட்டும் பூஜ்யமாகவே வைத்திருந்தார்கள்.

அதற்குள் அரியானா ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருந்தார். முறைக்கு 'மெட்ரோபோலிஸ்–ஹேஸ்டிங்ஸ்' என்ற பெயர் கெட்டிப்பட்டுப்போனது.

மெட்ரோபோலிஸுக்கு இன்னும் ஒரு யோகம் பாக்கி இருந்தது. 1992-ல் வெளிவந்த வுடி ஆலனின் 'ஹஸ்பண்ட்ஸ் அண்ட் வைவ்ஸ்' படத்தில் தலைகாட்டினார். என்ன வேஷம்? விஞ்ஞானி! யார் என்ன சொன்னாலும் சரி, அந்த சீனில் நடித்தது சத்தியமாக அவரேதான்.