கூகுளை ஜெயிக்க ஒரு சம்பந்தம்

இணையத் தேடலில் கூகுளை ஜெயிக்க மைக்ரோசாஃப்டுக்குத் துணை தேவைப்பட்டது. 2008 பிப்ரவரியில் யாகூவைப் பெண் கேட்டுப் போனார் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர். பரிசம் சுமார் 4,460 கோடி டாலர். பங்குக்கு 31 டாலரில் ஆரம்பித்து 33 வரை ஏறினார். 37-க்குக் குறையாது என்றது யாகூவின் தலைமை அதிகாரி ஜெர்ரி யாங் தரப்பு. நாலு டாலரில் முறிந்தது பேச்சு. அடுத்த மாதமே யாகூ விளம்பர ஒப்பந்தம் போட்டது, யாரோடு? சாட்சாத் கூகுளோடு! அமெரிக்க நீதித் துறை முறைத்ததும் கூகுள் நைசாகக் கழன்றுகொண்டது.

2009 ஜூலையில் பழைய மாப்பிள்ளையே திரும்பி வந்தார். இந்த முறை கல்யாணப் பேச்சே இல்லை. பத்து வருஷக் குத்தகைதான். யாகூவின் தேடல் பெட்டிக்குள் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் குடியேறியது. கூகுளுக்கு வியர்க்கக்கூட இல்லை. 2017-இல் யாகூவின் இணையத் தொழிலைத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் வாங்கிய விலை சுமார் 448 கோடி டாலர். பால்மரோ அதற்குள் பதவியை விட்டுவிட்டு, 200 கோடி டாலருக்கு ஒரு கூடைப்பந்து அணியையே வாங்கியிருந்தார்.