அந்த அரை வரியைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்
பட்டதாரி ஆசிரியை (அறிவியல்),
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்,
வளாகம்: எல்லார் கையிலும்.

பொருள்: வெட்டப்பட்ட அரை வரிகளைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை எனச் சொல்லும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 51அ.
2. எங்கள் குடும்பக் குழுவில் இன்று காலை 5.10 மணிக்கு வரப்பெற்ற தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

வணக்கம். தாங்கள் அம்மையாராகவும் இருக்கலாம். பாடம் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் தங்களிடம் இல்லாததால் பழைய படிவப்படியே எழுதுகிறேன்.

முதலில் என் பொறாமையைப் பதிவு செய்துவிடுகிறேன். தங்களுக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டியதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்டு யாரும் மெமோ தருவதில்லை. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு நான் திரும்புவதற்குள் தங்கள் பாடம் நாலு மாவட்டம் தாண்டிவிடுகிறது. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூடத் தங்கள் வகுப்புக்கு இரவு பதினோரு மணி வரை கண் விழிக்கிறான்.

தாங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவே மாட்டேன். தாங்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எங்கே வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

செவ்வாயை எடுத்துக்கொள்வோம். 2003 ஆகஸ்ட் 27 அன்று அது பூமிக்கு ஏறத்தாழ 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. கிட்டத்தட்ட 60 ஆயிரம் ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழு நிலா அளவுக்குத் தெரியும் என்று அப்போது ஒரு மின்னஞ்சல் சுற்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். யாரோ தொலைநோக்கியைக் கழற்றிவிட்டார்கள். பிறகு ஆண்டையும் கழற்றிவிட்டார்கள். இப்போது ஆகஸ்ட் வந்தால் 'இன்றிரவு இரண்டு நிலா' என்கிறீர்கள். ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மொட்டை மாடியில் பாதி ராத்திரி வரை காத்திருந்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்தான். "ஒண்ணுதான் டீச்சர் தெரிஞ்சுச்சு. இன்னொண்ண மேகம் மறைச்சிருச்சு போல." பாவம், மேகத்தின் மேல் பழி.

அடுத்தது 'அல்ஃபெலியன்'. நாளை காலை 5.27-க்குத் தொடங்கும், வழக்கமாக 9 கோடி கிலோமீட்டரில் இருக்கும் சூரியன் 15.2 கோடிக்குப் போய்விடும். 66 சதவீதம் தூரம் கூடுவதால் குளிர், இருமல், காய்ச்சல் என்றீர்கள். இந்த 'நாளை' பல வருடமாக நாளையாகவே இருக்கிறது என்பதை விட்டுவிடுகிறேன். 15.2 கோடி உண்மை, ஜூலைத் தொடக்கத்தில் பூமி அங்கேதான் இருக்கும். அந்த 9 கோடிதான் எங்கும் இல்லாதது. ஜனவரியில் மிகக் கிட்டத்தில் இருக்கும்போதே 14.7 கோடி. வித்தியாசம் சுமார் 3 சதவீதம். மார்கழிக் குளிரில் நாம் சால்வை போர்த்தி நடுங்குவது சூரியனுக்கு ஏறக்குறைய மிக அருகில் நின்றுகொண்டுதான். (தங்கள் எண்களையே வைத்துக்கொண்டாலும் 66 வராது, 69 வரும். எட்டாம் வகுப்பில் இதற்கே ஒரு மதிப்பெண் குறைப்பேன்.)

இதையெல்லாம் ஒளியின் வேகத்தோடு விளக்கி, ஒரு பக்க அளவுக்குக் குடும்பக் குழுவில் எழுதினேன். ஏழு கும்பிடும் கைகள் வந்தன. பிறகு சித்தப்பா எழுதினார்: "படிச்சேம்மா, அருமை. ஆனா எதுக்கும் முன்னெச்சரிக்கையா இருக்கிறது நல்லதுதானே?" கத்திரி வெயிலில் என் மாமியார் வெந்நீரில் குளிக்க ஆரம்பித்தார். சித்தப்பா என் கல்லூரிக் கட்டணத்துக்கு நிலத்தை ஒத்திக்கு வைத்தவர். அவர் அனுப்புவதன் மேல் சிவப்பு மையால் எப்படிச் சுழிப்பது? தங்கள் விரிவுரையாளர்கள் எல்லாருமே எங்கள் மேல் பாசம் வைத்தவர்கள். அதுதான் எனக்குப் பெரிய சங்கடம்.

இனி உலக்கைக்கு வருகிறேன்.

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் எங்கள் மாவட்டத்திலேயே தெரிந்தது. எத்தனையோ ஊர்க்காரர்கள் காசு செலவழித்துத் தேடிப் போகும் காட்சி, எங்கள் தெருவுக்கே வந்து நின்றது. காலை ஒன்பதரை மணி வாக்கில் வானத்தில் நெருப்பு வளையம். தெருவில் நானும், சூரியக் கண்ணாடியோடு நாலு பிள்ளைகளும், ஒரு நாயும். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கிரகணத்தின் ஈர்ப்பு விசையால்தான் அது நிற்கிறது என்று முந்தைய இரவே தாங்கள் பாடம் நடத்தியிருந்தீர்கள்.

உலக்கை நின்றது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரியனும் நிலவும் பூமிக்கு ஒரே பக்கம் வருவது ஒவ்வோர் அமாவாசையும் நடப்பது. கிரகணத்தன்று கூடுதலாக வருவது நிழல் மட்டும்தான். நிழலா உலக்கையைத் தூக்கிப் பிடிக்கும்?

அரையாண்டு விடுமுறை முடிந்ததும், ஒரு செவ்வாய்க்கிழமை, சத்துணவு ஆயாவிடம் உலக்கை வாங்கி வகுப்புக்குக் கொண்டு போனேன். அடியில் இரும்புப் பூண், நல்ல தட்டை. மூன்றாவது முயற்சியில் ஒரு மாணவி நிறுத்திவிட்டுக் கையை மெதுவாக எடுத்தாள். வகுப்பு கத்திய கத்தலில் தலைமையாசிரியர் ஓடி வந்தார். "இன்னைக்கு என்ன கிரகணம் டீச்சர்?" என்றார். "செவ்வாய்க்கிழமை சார்" என்றேன். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்குள் விழுகிற வரை எந்த நாளிலும் நிற்கும் என்று அந்த மாணவியே விளக்கினாள். எல்லாவற்றையும் என் கைப்பேசியில் எடுத்து என் முகநூலில் போட்டேன். மொத்தம் 2 நிமிடம். விளக்கம் 1 நிமிடம் 40 விநாடி, உலக்கை 20 விநாடி.

பார்வை 2-இல் கண்ட தங்கள் சுற்றறிக்கை அந்த 20 விநாடிதான். பிள்ளைகளின் கூச்சலை எடுத்துவிட்டு உடுக்கைச் சத்தம் சேர்த்திருக்கிறீர்கள். தலைப்பு: 'கிரகணம் முடிந்து 12 நாளாகியும் அரசுப் பள்ளியில் விழாமல் நிற்கும் உலக்கை! நாசா விஞ்ஞானிகள் வியப்பு!' ஓரத்தில் என் சேலை முந்தானை தெரிகிறது. மேலே இரட்டை அம்புக்குறி. அனுப்பியவர் சித்தப்பா. கீழே ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "உங்க ஸ்கூல் மாதிரியே இருக்கேம்மா. நீயும் நேர்ல பார்த்தியா?"

ஆம், நேரில் பார்த்தேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முந்தானைக்கு உரியவர்.

இணைப்பு: 1 நிமிடம் 40 விநாடி.