தந்தையே தாயான படிவம்

கேள்வி: சில பி.டி.எஃப். விண்ணப்பங்களில் தட்டச்சு செய்ய முடிகிறது. சிலவற்றில் கட்டம் இருந்தும் எழுத்து ஏற மறுக்கிறதே, ஏன்?

பதில்: எழுத்து ஏறாதது விண்ணப்பத்தின் படம், ஏறுவதுதான் விண்ணப்பம். கட்டமும் கோடும் வெறும் அலங்காரம். அவற்றின் மேல் ‘புலம்’ அமைத்தால்தான் நிரப்ப முடியும். 1993-இல் பிறந்த பி.டி.எஃப்.புக்கு இந்த வசதி 1996-இல், 1.2 பதிப்பில் வந்தது.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் புலங்களை வரைந்து, பி.டி.எஃப். படிவமாக ஏற்றுமதி செய்யலாம். செலவில்லை, கவனம்தான் செலவு. ஒவ்வொரு புலத்துக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. அக்ரோபாட்டில் ஒரே பெயருள்ள இரண்டு உரைப் புலங்கள் ஒரே விடையைத்தான் காட்டும். ‘தந்தை பெயர்’ கட்டத்தை நகலெடுத்து ‘தாய் பெயர்’ அருகே ஒட்டி, உள்பெயரை மாற்ற மறந்தால், தந்தை முருகேசனே தாயும் ஆவார்! ரேடியோ பொத்தான்களுக்கோ குழுப்பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் ஒருவரே மணமானவராகவும் ஆகாதவராகவும் பதிவாவார்.

பின்கோடுக்கு 6 இலக்க வரம்பு வைக்கலாம். பெயருக்கு அந்தக் கஞ்சத்தனம் கூடாது. கேள்வியின் வாசகத்தைத் திருத்த மூலக் கோப்புக்குப் போவதே நல்லது. நிரப்பியதைப் பிறர் எளிதில் மாற்றாதிருக்க ‘ஃபிளாட்டன்’ செய்து, அதாவது புலங்களை நீக்கி விடைகளைப் பக்கத்தோடு ஒன்றாக்கி, அனுப்பலாம். அதற்குமுன் ஒரு நகலைச் சேமிப்பது அவசியம்.