கத்தி சிறிதானது, கணக்கு?

கருத்தடைக்காகப் பெண்ணின் கருக்குழாயைக் கட்டும் ஆபரேஷனில் டாக்டர்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார்கள்?

அந்தத் தூரத்தை வயிற்றுத் தழும்பில்தான் அளக்க வேண்டும்! 1880-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் டாக்டர் லங்ரென், சிசேரியனுக்குத் திறந்த வயிற்றிலேயே குழாய்களையும் கட்டினார். பின்னர் வந்த டாக்டர் பொமராய், குழாயை வளைத்து, கட்டி, வளைவை வெட்டினார். அந்த முறை அச்சேறியது 1930-ல், அவர் இறந்த பிறகு. இன்றும் பல நாடுகளில் அதுதான் புழக்கத்தில்.

1960-களில் இங்கிலாந்தின் டாக்டர் ஸ்டெப்டோ, தொப்புளருகே சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் என்ற உள்நோக்கும் கருவியை நுழைத்தார். குழாயை அடைக்க உதவிய அதே கருவிதான், குழாய் அடைபட்டிருந்த ஒரு தாயின் கருமுட்டையை எடுக்கவும் உதவியது. 1978-ல் பிறந்தாள் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன்!

நம் நாட்டில்? 2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2016-ல்.

ஆண்களுக்கும் ஆபரேஷன் இருக்கிறதே?

இருக்கிறது, ஆள்தான் வருவதில்லை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தம்பதிகளிடையே பெண் கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை ஆபரேஷன் 0.3. வயிற்றைத் திறக்காத, எளிய சிகிச்சை ஆணுக்குத்தான். கணவர்களே, அடுத்த முறை டாக்டரிடம் நீங்கள் பேசுங்கள்.