லீற்றர்க் கணக்கர்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மனித வகைகளுள், ஒரு லீற்றர் பெற்றோலுக்குத் தம் மோட்டார் சைக்கிள் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்ற கேள்வியைச் சுற்றியே நாட்களை அமைத்துக்கொண்ட லீற்றர்க் கணக்கர் தனித்து ஆராயத்தக்கவர். இவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். ஆசிரியராகவோ, கிராம சேவையாளராகவோ, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகவோ இருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவர் எட்டிப் பார்க்கும். மரண வீட்டுக்குப் போனாலும், துக்கம் விசாரித்து முடிந்ததும், இறந்தவர் விட்டுச்சென்ற வண்டி வேலியோரம் நிற்பதைக் கண்டு, அது லீற்றருக்கு எவ்வளவு ஓடியது என்று மூத்த மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்பமாட்டார்.

அவர் வாழும் நிலம் அவருக்குச் சாக்குப்போக்குச் சொல்ல இடம் கொடுப்பதில்லை. எழுவான்கரை எனப்படும் கடலோரப் பக்கமும், படுவான்கரை எனப்படும் வாவியின் மேற்குப் பக்கமும் சமதரை ஆகையால், கண்டியிலோ பதுளையிலோ உள்ளவர்கள் ஏற்றத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கொள்வது போல் இவர் தப்பிக்க முடியாது. கணக்குக் குறைந்தால் குற்றம் எஞ்சினுடையது, அல்லது காற்றினுடையது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை எதிர்த்துக் கொக்கட்டிச்சோலைக்குப் போன கணக்கும், அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்பிய கணக்கும் அவருடைய கொப்பியில் வெவ்வேறு பக்கங்களில் பதிவாகும். மண்டூருக்குப் போக வேண்டுமானால் குருமண்வெளித் துறையில் ‘பாதை’ ஏறுவதையே அவர் விரும்புவார். பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. எஞ்சினை நிறுத்திவிட்டு அதில் நிற்கையில் சொட்டுப் பெற்றோலும் செலவாகாமல் தூரம் கழிகிறது என்பது பெரும் பேறுதான். ஆயினும் சில்லு சுழலாததால் மீற்றரில் ஏறாத அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பது இத்துறை அறிஞரிடையே இன்றுவரை முடிவு காணாத விவாதமாக உள்ளது.

இவ்வகையினருக்கு முன்னோடிகள் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அத்தகையோர். ஆனால் அவர்கள் வேறு வழியின்றிச் செய்தார்கள், இவர் விரும்பிச் செய்கிறார். லீற்றர்க் கணக்கருக்குப் பொற்காலம் வாய்த்தது 2022இல். அவ்வாண்டுத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. ஜூலையில் வந்த கியூ.ஆர். முறை மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தது. பெற்றோல் செட் வரிசையில் ஊரே வாடி நின்றபோது இவர் மட்டும் அங்கே நடமாடும் பல்கலைக்கழகமாக விளங்கினார். லீற்றருக்கு 50 ஓடும் வண்டியை 55 ஓட வைத்தால் வாரத்தில் 20 கிலோமீற்றர் மிச்சம் என்று அவர் சொன்னது கணக்கில் பிழையற்றது. பணமாக அது 170 ரூபாய் அளவில் வரும் என்பதும், அதைச் சரிபார்க்கக் களுவாஞ்சிக்குடி வரை வெறுமனே போய்வந்ததில் அதைவிடக் கூடுதலாகவே எரிந்தது என்பதும் வேறு விடயம். உண்மையில் அவர் நாடியது பணத்தை அன்று. விலை, பங்கீடு, கப்பல் வரும் நாள் எல்லாம் கொழும்பில் தீர்மானமாகிக்கொண்டிருந்த நாட்டில், ஓர் எண் மட்டும் தம் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு திருகுக்குக் கட்டுப்பட்டது என்ற நினைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. 2023 செப்டெம்பரில் பங்கீடு எடுக்கப்பட்ட செய்தியை ஊரில் சற்றே மனக்குறையோடு கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் திருகு இருப்பது காபரேட்டரில். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தைக் கொண்டே பெற்றோலை நுண்ணிய துளைகள் வழியாக மேலிழுத்துக் காற்றோடு கலந்து அனுப்பும் கருவியே காபரேட்டர். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் பிளக்கின் நுனி கரி பிடிக்கும், குறைந்தால் வெளிறும், அளவாக இருந்தால் செங்கல் மாநிறத்தில் இருக்கும். லீற்றர்க் கணக்கர் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கி, பின் இரண்டரைச் சுற்றுத் தளர்த்தி, அதிலிருந்து கால் சுற்றுக்கும் அரைக்கால் சுற்றுக்கும் இடையில் ஒரு பிற்பகல் முழுவதையும் கழிப்பார். பாடும் மீனைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைப்பது போல, இவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடுவார். மீன் நிலாக் காலத்தில்தான் பாடும் என்பார்கள். இவருடைய எஞ்சின் எந்நாளும் ஏதாவது முறையிட்டுக்கொண்டே இருக்கும்.

பெற்றோலைக் குறைத்துக் குறைத்துப் போனால் எஞ்சின் சூடேறும், முடுக்கும்போது திக்கும், ஒருநாள் பிஸ்டன் இறுகி நடுத்தெருவில் நின்றுவிடும் என்பதைக் கராச்சில் இருக்கும் மெக்கானிக் பல தடவை சொல்லியிருக்கிறார். உருப்படியான வழிகளையும் அவர் சொல்லியிருக்கிறார்: ரயரில் காற்று குறையாமல் பார்ப்பது, எயார் பில்டரைத் துப்புரவாக வைத்திருப்பது, பிரேக் சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கவனிப்பது, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட உப்புக் காற்றில் துருவேறும் செயினுக்கு ஒயில் விடுவது, 50க்கு மேல் போகாமல் ஓட்டுவது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால் இறுதியாகச் சொன்னதே பெரிய மருந்து. ஆயினும் யாரும் செய்யக்கூடிய எதிலும் லீற்றர்க் கணக்கருக்கு நாட்டமில்லை. அவருடைய செயின் செம்மண் நிறத்தில் அலறிக்கொண்டு ஓடும். ஏற்றிப்போனால் கணக்குக் கெடும் என்பதால் மனைவி மாமாங்கத் திருவிழாவுக்கு பஸ்ஸில் போவார்.

இத்தகையவருடைய வாழ்வில்தான் எரிபொருள் உட்செலுத்தல் என்னும் எப்.ஐ. நுழைந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 புகை விதிகளால் அங்கே பெரும்பாலான சிறிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் காபரேட்டர் விடைபெற்றது. அதற்கு முந்திய மாதமே இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால், லீற்றர்க் கணக்கருடைய திருகுக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயுள் கிடைத்தது. 2025இல் இறக்குமதி திறந்தபின் மருமகன் கொண்டுவந்து நிறுத்திய புது வண்டியைச் சுற்றி அவர் மூன்று முறை வலம் வந்தார்.

“மருமகன், இதுல ஸ்க்ரூவ எங்க வச்சிருக்கான்?”

“ஸ்க்ரூ இல்ல மாமா. எல்லாம் கம்ப்யூட்டர்தான்.”

“மறுகா, ஓட்டம் குறைஞ்சா ஆரிட்டப் போய்க் கேக்கிற?”

கேள்வி நியாயமானது. இம்முறையில், டாங்கிக்குள் இருக்கும் மின்பம்பி அழுத்தித் தள்ளும் பெற்றோலை, இன்ஜெக்டர் என்னும் மின்வால்வு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து பீய்ச்சுகிறது. எவ்வளவு நேரம் திறப்பது என்பதை ஈ.சி.யூ. எனப்படும் சிறு கணினி முடிவு செய்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் உணரி, கலவை சரியாக எரிந்ததா என்று அதற்கு இடைவிடாது கோள் சொல்லிக்கொண்டிருக்கிறது. லீற்றர்க் கணக்கர் எளிதில் தோற்றுப்போகிறவர் அல்லர். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அறிவிக்கும் உணரியின் இரு வயர்களுக்கும் குறுக்கே ஒரு மின்தடையைச் செருகினால், காற்று இருப்பதைவிடச் சூடாக இருப்பதாக நம்பிக் கணினி பெற்றோலைக் குறைக்கும் என்று அவர் கேள்விப்பட்டார். சித்திரை மாதத்து மட்டக்களப்பில் இதைவிடச் சூடு உண்டென்று ஒரு கருவியை நம்பவைக்க முயன்ற துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் ஒட்சிசன் உணரி இந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்க, கணினி குறைத்த பெற்றோலைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. மீற்றர்த் தட்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியத் தொடங்கியது. மின்தடையைப் பிடுங்கியவர் மருமகன்.

அவ்வண்டியின் மீற்றர்த் தட்டில், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதை வண்டியே காட்டுகிறது. தம் வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவைக் கேட்பாரின்றி அறிவித்துக்கொண்டிருக்கும் அந்த எண்ணை அவரால் ஏற்க முடியவில்லை. பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய், நடு ஸ்ராண்டில் நிறுத்தி, காற்றுக் குமிழ் வெளியேற வண்டியை ஆட்டி ஆட்டி வாய்முட்ட நிரப்பச் செய்து, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிப்பதைப் பொருட்படுத்தாமல், வாழைச்சேனை வரை ஓட்டித் திரும்பிவந்து, அதே பம்பில் அதே பையன் கையால் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தார். மீற்றர்த் தட்டு 54 என்றது; கொப்பி 53 என்றது. அன்றிலிருந்து அவருடைய முகத்தில் தெளிவு திரும்பியிருக்கிறது. இப்போது காணும் எப்.ஐ. வண்டிக்காரர் எல்லோரையும் நிறுத்தி, கம்பனி ஒளித்து வைத்திருக்கும் அந்த ஒரு கிலோமீற்றரைப் பற்றி விளக்கி வருகிறார்.