மருமவனும் உடன்குடிக் கருப்பட்டியும்

வாரும் மருமவனே, திண்ணையில உக்காரும். பையில என்ன? உடன்குடிக் கருப்பட்டியா! சுகர்னு தெரிஞ்சதும் சீனியத் தலைமுழுகிட்டு இதுக்கு மாறிட்டீராக்கும். நல்ல யோசனை வே, முன்வாசலப் பூட்டிட்டுப் புறவாசலத் தொறந்து போட்ட மாதிரி. கருப்பட்டிக்கு மணம் உண்டு, மரியாதை உண்டு. ஆனா உள்ள போயிட்டா அதுவும் சீனிதான். பனையில இறக்கினதா, கரும்புல காய்ச்சினதான்னு கணையம் விசாரிக்காது. தேனுக்கும் அதே கதிதான்.

கடலைமிட்டாய்ல கடலையத்தான திங்கேன்னு வேற சொன்னீராம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாவ, சுகர்காரனுக்குச் சலுகை குடுக்கல. கடலை வேணும்னா ஒரு கைப்பிடி அவிச்சுத் தின்னும், பாகை விட்டுரும்.

சோத்த விட்டாச்சு, ராத்திரி ஆறு சப்பாத்தின்னு அத்தைகிட்டப் பெருமை அடிச்சீராமே? நூறு கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம் வாக்குல இருக்கும். கோதுமை மாவுலயும் கேப்பையிலயும் 70-க்குப் பக்கம். நார் கொஞ்சம் கூட, அதனால கொஞ்சம் நிதானமா ஏறும். அந்தக் கொஞ்ச லாபத்த நீரு மூணாவது சப்பாத்தியிலயே செலவழிச்சிருதீரு. கேப்பைக் கூழு இன்னும் வேடிக்கை. அரைச்சு, காய்ச்சி, கரைச்சு மடக்மடக்குனு குடிச்சா பல்லுக்கும் வேலை இல்ல, வயித்துக்கும் வேலை இல்ல. சுகர் ஓட்டமா ஓடி ஏறும்.

எனக்குச் சுகர் வந்து 18 வருசமாச்சு. நான் சோத்த விடல, வரிசைய மாத்தினேன். ஊர்க்கூட்டத்துக்குப் பெரிய மனுசன் கடைசியா வருவாம்லா, அப்படி. இலையில முதல்ல சீனியவரைக்காய்ப் பொரியல் ரெண்டு கரண்டி. முழிக்காதீரும், அதுக்குப் பேருலதான் சீனி. பேருக்கேத்த வேலையப் பாக்குறது சீனிக்கிழங்கு, அத அளந்துதான் திங்கணும். அடுத்து ஒரு முட்டை, இல்ல ஒரு துண்டு அயிலை மீனு, இல்ல தட்டாம்பயித்துக் கூட்டு. இதெல்லாம் உள்ள போயி சம்மணம் போட்ட பிறகுதான் சோறு வரும். வந்து பாத்தா உக்கார இடம் இருக்காது. ஒரு கையளவோட நின்னுரும். கை கழுவிட்டு கம்மாக்கரை ஆலமரம் வரைக்கும் கால் மணி நேரம் நடப்பேன். நடக்கிற காலு ரத்தத்துல இருக்கிற சீனியில ஒரு பங்கை இழுத்துச் செலவழிச்சிரும்.

டெஸ்டுக்கு முந்தி ரெண்டு நாள் அரைப்பட்டினி கிடந்தீராமே, யார ஏமாத்த? வெறும் வயித்து ரத்தம் உமக்காகப் பொய் சொன்னாலும் சொல்லும். மூணு மாச சராசரின்னு ஒண்ணு எடுப்பாவல்லா, அது பழைய கணக்கப்பிள்ளை. செவப்பணு ஒவ்வொண்ணும் 120 நாள் வாக்குல உசுரோட திரியுது, நீரு தீவாளிக்கு அமுக்கின அல்வா அதுமேல ஒட்டிக்கிட்டு வந்து சாட்சி சொல்லும். ஏழுக்குக் கீழ வையுங்கன்னு பொதுவாச் சொல்லுவாவ. எனக்கு 6.9. உமக்கு எவ்வளவுன்னு நான் கேக்கல, அத்தை சொல்லிட்டா.

இது விளையாட்டு இல்ல, கேட்டுக்கிடும். சில மாத்திரையப் போட்டுட்டு வயித்தக் காயப்போட்டா சுகர் 70-க்குக் கீழ போயிரும். கை நடுங்கி, வேர்த்து, கண்ணு மங்கினா மூணு ஸ்பூன் சீனியத் தண்ணியில கலக்கிக் குடியும். 15 நிமிசம் கழிச்சுத் திரும்பச் சோதிச்சுப் பாரும். அந்த நேரத்துக்கு மட்டும் சீனி மருந்து. தெனமும் நடுங்குதுன்னு வந்து நிக்கப்படாது!

வேலியில என்ன பாக்கீரு? சிறுகுறிஞ்சான். சக்கரைக்கொல்லிம்பாவ. ரெண்டு இலைய மென்னுட்டு அந்தக் கருப்பட்டியக் கடியும், மண்ணக் கடிச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. உம்ம மச்சான் இத நம்பி, இலைய மென்னுட்டு நாலு லட்டத் தின்னான். நாக்குக்குத்தான் தெரியல வே, ரத்தத்துக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

சரி, வெயில் ஏறுது, கிளம்பும். டாக்டர் சொல்லாம மாத்திரைய நிறுத்தாதீரும். கருப்பட்டிய மட்டும் இங்க வச்சிட்டுப் போம். உம்ம அத்தைக்குச் சுகர் இல்ல.