கோவிலம்பாக்கத்துக் கொண்டைக்கடலையும் குக்கர் விசிலும்: ஒரு முன்னாய்வு

நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் தின்னும் ஒரு சமூகம், கடலையின் உயிரணுச் சுவரைப் பற்றி இதுகாறும் வாய் திறக்காதது ஆய்வுலகின் பெருங்குறை. அதைப் போக்க மேடவாக்கம் பிரதான சாலையை ஒட்டிய கோவிலம்பாக்கம் களமாகக் கொள்ளப்பட்டது.

பச்சைப்பயறு: குழைந்துவிடும், ஆய்வுக்கு உதவாது. மொச்சை: ஆய்வுக்கூடத்தில் காற்றோட்டம் போதாமையால் விலக்கப்பட்டது. எஞ்சியது கொண்டைக்கடலை.

இதன் மாவுச்சத்து உயிரணுச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வேகும்போது உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகி, உயிரணுக்கள் தனித்தனியே பிரியுமே தவிர, சுவர் பெரும்பாலும் உடைவதில்லை. செரிமான நொதிகள் வாசலில் காத்திருந்துதான் நுழைய வேண்டும்; இரத்தச் சர்க்கரையும் மெல்லவே ஏறும். பச்சைக் கடலையை மாவாக அரைத்தாலோ சுவரே தகர்ந்துவிடுகிறது. 1981-இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உணவுகளைச் சர்க்கரை ஏற்றும் வேகப்படி வரிசைப்படுத்தியபோது பயறு வகைகள் கீழ்வரிசையில் அமர்ந்தன. எதிர்வீட்டுத் தாத்தாவும் இதை வழிமொழிகிறார் (காண்க: திண்ணைப் பேச்சு, மாலைப் பதிப்பு).

இனி விசில். இங்கேதான் அறிஞர்கள் பிளவுபடுகிறார்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். கடலை லேசில் வேகாது. எனவே கேன் தண்ணீர்க்காரர்கள் நால்விசில் கொள்கையினர். போர் தண்ணீர்க்காரர்கள் அறுவிசில் கொள்கையினர். லாரித் தண்ணீர்க்காரர்கள், வந்த லாரியைப் பொறுத்துக் கொள்கை மாறுவோர் (மாடிவீட்டு அக்கா, சன்னல்வழி உரை, பகுதி இரண்டு, அதற்கு அவர் மாமியாரின் மறுப்புரை, கதவடைப்புப் பதிப்பு, அம்மறுப்பைப் பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட கீழ்வீட்டாரின் 'குக்கரும் நானும்', கையெழுத்துப்படி, காஸ் பில்லின் பின்பக்கம், எண்ணெய்க் கறையால் முடிவுரை சிதைந்தது). மூவரும் ஒருவரையொருவர் மாறிமாறி மேற்கோள் காட்டியதில், இன்று சில துறைத்தலைவர்களுக்கு நிகரான மேற்கோள் எண்ணிக்கையை எட்டிவிட்டார்கள். வழிமுறையும் அதேதான்.

ஆப்பசோடா போடுவோர் தனிப்பிரிவு. சோடா பெக்டினைச் சீக்கிரம் கரைக்கும். கூடவே தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் அழிக்கும். பின்னதை அவர்கள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

பயறிலுள்ள ஃபைட்டேட் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புளிப்பு மாங்காயின் வைட்டமின் சி அதை உடம்பில் சேர வைக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒருவர் எந்த நிதிநல்கையுமின்றிப் பட்டாணிச் சுண்டலில் மாங்காயைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் நெறியாளர் யார் என்று வினவினேன்.

"பத்து ரூபாய்க்கா சார், இருபதுக்கா?" என்றார்.